ஷெர்லாக் ஜூனியர் (1924): திரைக்குள் இடம் மாறிக்கொண்டே இருக்கும் அந்தக் காட்சியை எப்படி எடுத்தார்கள்?

நிலாமுற்றம் எழுதியது:
பஸ்டர் கீட்டனின் ஷெர்லாக் ஜூனியர் படத்தில் தியேட்டர் ஆபரேட்டர் தூங்கிவிடுகிறான். கனவில் எழுந்து நடந்து, ஓடிக்கொண்டிருக்கும் படத்தின் திரைக்குள்ளேயே ஏறிவிடுகிறான். உள்ளே போனதும் அவன் அப்படியே இருக்க, பின்னணி மட்டும் மாறுகிறது. தோட்டத்து பெஞ்சில் உட்காரப் போனால் அது வாகனங்கள் ஓடும் தெருவாகிவிடுகிறது. தெருவில் நடந்தால் மலை விளிம்பு. எட்டிப் பார்த்தால் சிங்கங்கள். பிறகு பாலைவனத்தில் ரயில், கடல் நடுவே பாறை, பனிக்குவியல், கடைசியில் மறுபடி அதே தோட்டம்.

கணினி இல்லாத காலத்தில் இது எப்படி முடிந்தது? பின்னால் திரை கட்டி, அதில் காட்சிகளை ஓட்டி, முன்னால் நடிகரை நிறுத்தியிருப்பார்கள் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். கல்லூரி மாணவர்களின் ஐந்து நிமிடக் குறும்படத்துக்கு இதே உத்தி வேண்டும். படம் தெரிந்தவர்கள் முறையைச் சொல்லுங்கள்.

சுருள்பெட்டி எழுதியது:
பின்திரை இல்லை. கீட்டன் பிற்காலப் பேட்டிகளில் முறையைத் தெளிவாகவே விளக்கியிருக்கிறார். இரண்டு தனித்தனி தந்திரங்கள் இருக்கின்றன, அவற்றைக் கலக்கக் கூடாது.

முதலாவது, அவன் திரையில் ஏறும் தருணம். அங்கே திரையே கிடையாது. திரை அளவுக்கு ஒரு சட்டம் போட்டு, அதன் பின்னால் உண்மையான மேடை அமைத்து, படம் ஓடுவதுபோல் தெரியும்படி ஒளியமைத்தார்கள். அதனால்தான் அவனால் படத்துக்குள் கால் வைக்க முடிகிறது. வில்லன் அவனைப் பிடித்து வெளியே தள்ளும்போது விழுவதும் உண்மையான விழல்.

இரண்டாவது, பின்னணி மாறுவது. அது வெறும் கட். ஒவ்வொரு இடத்தையும் தனித்தனியாகப் படம்பிடித்து ஒட்டியிருக்கிறார்கள். அதிசயம் முழுவதும் அளவெடுப்பதில் இருக்கிறது. ஒரு காட்சியின் முடிவில் கீட்டன் அசையாமல் நிற்பார். கேமராவுக்கு முன்னால் ஒரு குறுக்குக் கட்டையை நேராக வைத்து, அங்கிருந்து இரண்டு கோணங்களில் டேப் பிடித்து அவர் இருக்கும் இடத்தை அளந்துகொள்வார்கள். உயரத்துக்கு நில அளவையாளர்களின் கருவி. அடுத்த இடத்துக்குப் போனதும் அதே அளவுகளில் அவரை நிறுத்துவார்கள். அதோடு, முந்தைய ஷாட்டின் கடைசிப் பகுதியை அங்கேயே கழுவி, சில ஃப்ரேம்களை வெட்டி கேமராவின் கேட்டில் (லென்ஸுக்குப் பின்னால் ஃபிலிம் நிற்கும் சட்டம்) வைத்துப் பார்த்து, உடல் நிலையையும் பொருத்துவார்கள்.

ஒளிப்பதிவு எல்ஜின் லெஸ்லி, பைரன் ஹௌக். லெஸ்லியைத் தனியாகச் சொல்ல வேண்டும். கையால் சுற்றும் கேமராவில் அவர் வேகம் மாறாமல் சுற்றுவார். 1921இல் எடுத்த தி பிளேஹவுஸ் படத்தில் ஒரே ஃப்ரேமில் ஒன்பது கீட்டன்கள் வரக் காரணம் அந்தக் கைதான். ஃபிலிமை ஒவ்வொரு முறையும் பின்னால் சுற்றி, லென்ஸின் ஒரு பட்டையை மட்டும் திறந்து எடுத்தது அது.

கோணமானி எழுதியது:
சுருள்பெட்டி சொன்ன குறுக்குக் கட்டைக்குப் பின்னால் இருக்கும் கணக்கைச் சொல்கிறேன், குறும்படக்காரர்களுக்கு உடனே உதவும்.

கட்டையின் இரண்டு முனைகளிலிருந்தும் நடிகரின் பாதம் வரை தூரம் எடுத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கிறது. கேமராவுக்கு முன்னால் அந்த இரண்டு தூரமும் பொருந்தும் புள்ளி ஒன்றே ஒன்றுதான். ஒற்றை டேப்பால் இது முடியாது. தூரம் சரியாக இருந்தாலும் ஆள் பக்கவாட்டில் நகர்ந்திருக்கலாம்.

கட்டையின் நீளம் முக்கியம். கட்டை 1 மீட்டர், நடிகர் 6 மீட்டர் தள்ளி என்று வையுங்கள். ஒரு டேப் அளவில் 1 செ.மீ. பிழை வந்தால் பக்கவாட்டில் 6 செ.மீ. பிழையாகப் பெருகும். முழு ஃப்ரேம் கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் போட்டால் 6 மீட்டரில் அகலம் சுமார் 4.3 மீட்டர். அந்த 6 செ.மீ., 1920 பிக்சல் அகலத்தில் 27 பிக்சல் ஆகும். கட் நடக்கும் நொடியில் ஆள் பக்கவாட்டில் குதிப்பது யார் கண்ணுக்கும் தெரியும். கட்டையை 3 மீட்டராக்கினால் அதே 1 செ.மீ. பிழை 2 செ.மீ. ஆகக் குறைந்து, படத்தில் 9 பிக்சலுக்கு அடங்கும். அதை எடிட்டிங்கில் நகர்த்திச் சரிசெய்துவிடலாம். சவுக்குக் கம்பு போதாது, வளையும். நேரான அலுமினியக் குழாய் வாங்குங்கள்.

கேமராவின் மேல்கீழ்ச் சாய்வு இதைவிட ஆபத்து. 50 மி.மீ. லென்ஸில் ஒரு டிகிரி மாறினாலே படம் 45 பிக்சலுக்கு மேல் ஏறி இறங்கும். அதை எடிட்டிங்கில் இழுத்தால் ஆள் சரியாக வருவார், ஆனால் தொடுவானமும் தரையின் சரிவும் சேர்ந்து நகரும், பாதம் தரையில் ஒட்டாமல் மிதக்கும். டிரைபாடின் குமிழியை மட்டும் நம்பாமல், ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு காட்டும் டிஜிட்டல் கோணமானியைக் கேமராவின் தட்டில் வைத்துப் பாருங்கள்.

நிலாமுற்றம் எழுதியது:
மிக்க நன்றி. கேட்டில் ஃப்ரேம் வைத்துப் பார்த்தார்கள் என்றீர்கள். இப்போது மானிட்டரில் பழைய ஃப்ரேமைப் பாதி ஒளிபுகும்படி மேலே போட்டுப் பார்க்கலாமே. அப்படியானால் டேப், குழாய் எதுவும் தேவையா?

தொகுப்பறை எழுதியது:
தேவை. மேலே போட்டுப் பார்ப்பது தட்டையான ஒப்பீடு. ஆள் அரை மீட்டர் பின்னால் நின்று லென்ஸின் ஜூம் கொஞ்சம் கூடியிருந்தாலும் உருவம் பொருந்தியதாகவே காட்டும். அவர் ஓர் அடி எடுத்து வைத்ததும் அளவு வேறு விதமாக மாறும். தெருவில் நடந்துகொண்டே மலைக்குப் போகும் வெட்டில் இது உடனே வெளியே வரும். டேப் இடத்தைக் காப்பாற்றும், மேலே போடுவது உடல் நிலையைக் காப்பாற்றும். இரண்டும் வேண்டும்.

எந்த ஃப்ரேமில் வெட்டுவது என்பதில்தான் இந்தக் காட்சி நிற்கிறது. கடல் பாறையிலிருந்து குதிப்பதைப் பாருங்கள். பாறையில் தயாராகிறார், குதிக்கிறார், பனியில் தலைகீழாகச் செருகிக்கொள்கிறார். பெஞ்சும் அப்படித்தான். உட்காரும் உத்தேசம் தோட்டத்தில் தொடங்குகிறது, விளைவு தெருவில் கிடைக்கிறது. எல்லா வெட்டும் ஒரு செயலின் நடுவில் விழுகிறது. செயல் முடிந்து, ஆள் சும்மா நிற்கும்போது வெட்டினால் வெறும் ஸ்லைட் மாற்றம்போல் இருக்கும். பார்ப்பவரின் கண் அடுத்த அசைவை எதிர்பார்த்து முன்னால் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

நடிகருக்கு இதில் பெரிய வேலை இருக்கிறது. இரண்டாம் இடத்தில் அவர் பாதி உட்கார்ந்த நிலையிலிருந்து தொடங்கியாக வேண்டும். நின்ற நிலையிலிருந்து புதிதாக உட்கார்ந்தால் வெட்டு விழும் இடத்தில் வேகம் செத்துப்போகும். ஒரு மர ஸ்டூலில் உட்கார வைத்து, எண்ணிக்கையில் ஸ்டூலைப் பின்னால் உருவி, அதற்குப் பிந்தைய ஃப்ரேமிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பின்னால் தடிமனான மெத்தை கட்டாயம். முதுகெலும்பின் அடியில் அடிபட்டால் மாதக்கணக்கில் வலிக்கும்.

யாழ்வாணி எழுதியது:
எல்லோரும் தந்திரத்திலேயே நிற்கிறீர்கள். இது துப்பறியும் படமும்கூட, அந்தப் பகுதி எவ்வளவு கச்சிதமாகக் கட்டப்பட்டிருக்கிறது என்று யாருமே சொல்லவில்லை.

ஆபரேட்டரிடம் காதலிக்கு 3 டாலர் சாக்லேட் பெட்டி வாங்கப் பணம் போதவில்லை. குப்பையைக் கூட்டும்போது கிடைத்த டாலரும் தேடி வந்தவர்களுக்கே போய்விடுகிறது. கடைசியில் 1 டாலர் பெட்டி வாங்கி, விலையை 4 என்று திருத்துகிறான். வில்லனோ பெண்ணின் அப்பாவுடைய கைக்கடிகாரத்தை, மன்னிக்கவும், சங்கிலிக் கடிகாரத்தைத் திருடி 4 டாலருக்கு அடகு வைத்து, 3 டாலர் பெட்டி வாங்கி வருகிறான். அடகுச் சீட்டை ஆபரேட்டரின் பையில் செருகிவிடுகிறான். சோதனையில் சீட்டு கிடைக்கிறது. சீட்டில் 4 டாலர், பெட்டியில் 4 டாலர். அவன் சொன்ன சின்னப் பொய்யே அவனுக்கு எதிரான சாட்சியாகிறது. ஒரு துப்பறியும் கதைக்கு இதைவிடக் கெட்டியான முடிச்சு எனக்குத் தெரியாது.

அதை அவிழ்ப்பது யார்? கையில் துப்பறியும் பாடப் புத்தகம் வைத்திருப்பவன் இல்லை. காதரின் மெக்வயர் நடித்த அந்தப் பெண். நேராக அடகுக்கடைக்குப் போய், இதை வைத்தது யார் என்று கேட்கிறாள். கடைக்காரர் அடையாளம் சொல்கிறார், வில்லனும் கண்ணில் படுகிறான், வழக்கு முடிந்தது. கனவு தொடங்குவதற்கு முன்பே இது நடந்துவிடுகிறது. பெரிய துப்பறிவாளனாக அவன் செய்யும் சாகசம் அத்தனையும் ஏற்கெனவே தீர்ந்துபோன வழக்கின் மேல் நடக்கிறது என்பது பார்ப்பவருக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. படத்தின் இதயம் அதுதான் என்று நினைக்கிறேன்.

சுருள்பெட்டி எழுதியது:
யாழ்வாணி சொல்வதை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் தந்திரம் ஒருபக்கம், கதை ஒருபக்கம் என்று பிரிக்க வேண்டாம். நிழல்போல் பின்தொடர வேண்டும் என்று புத்தகத்தில் படித்துவிட்டு, அவன் வில்லனுக்கு ஓர் அடி பின்னால் அதே கால் வைத்து நடக்கிறானே, அதுவும் அளவெடுத்த வேலைதான். வில்லனாக வரும் வார்ட் கிரேனின் நடையும் கீட்டனின் நடையும் ஓர் அங்குலம் பிசகினால் மோதிக்கொள்வார்கள். அங்கே வெட்டும் இல்லை.

கனவில் வரும் பெட்டிக் காட்சிக்கும் இதே பதில். அவனுடைய உதவியாளன் கிழவி வேடத்தில் கழுத்து டைகள் விற்கும் பெட்டியை வயிற்றுக்கு நேரே பிடித்து நிற்கிறான். கீட்டன் ஓடிவந்து பெட்டிக்குள் தலைகீழாகப் பாய்ந்து காணாமல் போகிறார். கட் இல்லை, ஒரே ஃபிலிமில் இருமுறை எடுக்கும் இரட்டைப் பதிவும் இல்லை. மேடை வித்தைக்காரர்களின் பழைய முறை. உதவியாளரின் உடல் சுவருக்குப் பின்னால் படுக்கைவசமாக இருக்கிறது, தலையும் கைகளும்தான் முன்னால். கீழே தொங்குவது வெறும் ஆடை. பெட்டிக்கும் சுவருக்கும் திறப்பு ஒன்றே. பாய்ந்தவர் மறுபுறம் போனதும் சுவரின் கதவு மூடும், உதவியாளர் காலை இறக்கி நடந்துவிடுவார். கீட்டன் மூன்று வயதிலிருந்து மேடையில் வளர்ந்தவர் என்பதும், பெண்ணின் அப்பாவாக நடிப்பவர் அவருடைய சொந்த அப்பா ஜோ கீட்டன் என்பதும் இங்கே பொருத்தமான தகவல்.

ஜன்னல் வழியே பாய்ந்து கிழவியாக வெளியே வரும் காட்சியும் ஒரே ஷாட். அதில் கீட்டனின் நேர்மையைப் பாருங்கள். வீட்டின் முன்சுவரை மறையவைத்து உள்ளும் புறமும் சேர்ந்து தெரியும்படி காட்டுகிறார். ஏமாற்று எதுவும் இல்லை என்று முதலில் நிரூபித்துவிட்டுப் பாய்கிறார்.

மின்பொறி எழுதியது:
இரட்டைப் பதிவு வேறொரு இடத்தில் இருக்கிறது. ஆபரேட்டர் கேபினில் தூங்கும்போது உடலிலிருந்து இன்னொருவன் எழுகிறானே, அங்கே. அவன் ஆணியில் மாட்டிய தொப்பியை எடுக்கும்போது நிழல் தொப்பி மட்டும் கையோடு வருகிறது, உண்மைத் தொப்பி அங்கேயே தொங்குகிறது.

அன்றைய வழக்கமான கேமராவில் கைப்பிடி ஒரு சுற்று சுற்றினால் 8 ஃப்ரேம். 35 மி.மீ. ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃப்ரேம், அதாவது இரண்டு சுற்று. முதல் பதிவில் எந்தச் சுற்றில் என்ன நடந்தது என்று எழுதிவைத்து, லென்ஸை மூடி அதே எண்ணிக்கைக்குப் பின்னால் சுற்றி, இரண்டாம் ஆளைப் பதிவு செய்ய வேண்டும். கேமரா ஒரு மயிரிழை அசைந்தாலும் பின்னணி இரட்டையாகத் தெரியும். ஒளி அளவை இரண்டு பதிவுக்கும் பங்கிட வேண்டும், இல்லையென்றால் சுவர் வெளுத்துவிடும். உருவம் எழும் இடத்தில் பின்னணி இருட்டாக இருந்தால்தான் அது தெளிவாக நிற்கும். எல்லாம் மூல நெகட்டிவிலேயே நடப்பதால் இரண்டாம் பதிவு கெட்டால் முதலாவதும் போயிற்று.

கோணமானி எழுதியது:
ஒரு சந்தேகம் எனக்கும் இருக்கிறது. சில பதிப்புகள் 45 நிமிடம், சில அதைவிட நீளம். காட்சிகள் கூடுதலா?

மின்பொறி எழுதியது:
பெரும்பாலும் வேகம்தான். படத்தின் நீளம் 4,065 அடி. அடிக்கு 16 வீதம் சுமார் 65,000 ஃப்ரேம். நொடிக்கு 24 ஃப்ரேமில் ஓட்டினால் 45 நிமிடம், 20இல் ஓட்டினால் 54, 18இல் ஓட்டினால் 60. கால அளவை மட்டும் பார்த்து முழுமையான பதிப்பு, வெட்டிய பதிப்பு என்று முடிவுகட்ட வேண்டாம்.

எது சரியான வேகம் என்று சோதிக்க ஒரு வழி உண்டு. யாராவது தடையின்றி விழும் இடத்தைப் பிடியுங்கள். 2.5 மீட்டர் உயரத்திலிருந்து விழ 0.71 நொடி ஆகும், அது இயற்கை. அந்த விழல் 17 ஃப்ரேமில் முடிந்தால் கேமரா 24இல் ஓடியிருக்கிறது, 11 அல்லது 12 ஃப்ரேமில் முடிந்தால் 16இல். உயரத்தை நடிகரின் உடலை வைத்துக் கணக்கிடலாம், கீட்டனின் உயரம் சுமார் 5 அடி 5 அங்குலம். குதித்து விழுவதை எடுத்தால் கணக்கு தப்பும், தொடக்க வேகம் சேர்ந்துவிடும். துரத்தல் காட்சிகளில் வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றுவது அன்றைய வழக்கம், ஆகவே ஒரு ஷாட்டின் முடிவை முழுப் படத்துக்கும் போடாதீர்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். மௌனப் படத்தில் ஃபிலிமின் ஓரத் துளைகளுக்கு நடுவேயுள்ள முழு அகலமும் படம். பிற்பாடு ஒலித்தடத்துக்காக இடப்பக்கம் ஒரு பட்டை போய்விட்டது. ஒலிப்படத்தின் ஃப்ரேம் அளவில் எடுத்த பழைய பிரதியானால் இடப்பக்கம் வெட்டுப்பட்டிருக்கும், கீட்டன் நடுவில் நிற்க வேண்டிய இடத்தில் இடம்சாய்ந்து நிற்பார். பின்னணி மாறும் காட்சியை ஆராயப் போகிறவர்கள் அத்தகைய பிரதியை ஒதுக்கிவிடுங்கள்.

வடகரை எழுதியது:
இந்தப் படத்தை எடுக்கும்போது கீட்டனின் கழுத்து முறிந்த கதை உண்மையா? மிகைப்படுத்தல் என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார்.

சுருள்பெட்டி எழுதியது:
உண்மைதான் நண்பரே. ஓடும் சரக்கு ரயிலின் கூரைமேல் பின்னோக்கி ஓடிவந்து, தண்ணீர்த் தொட்டியின் குழாய்க் கயிற்றைப் பிடித்துத் தொங்குவார். குழாய் இறங்கும், தண்ணீர் கொட்டும். அந்த நீரின் வேகம் அவரைத் தண்டவாளத்தில் அடித்தது, பின்கழுத்து தண்டவாள இரும்பில் மோதியது. தலைவலியோடு வேலையைத் தொடர்ந்தார். முறிந்து கூடிய எலும்பு 1930களில் வேறு காரணத்துக்காக எக்ஸ்ரே எடுத்தபோதுதான் தெரியவந்தது. அந்த ஷாட் படத்தில் இருக்கிறது. எழுந்து ஓடுவதையும் காணலாம்.

மாணவர்களோடு பேசும்போது இதை வீரமாகச் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். குழாயின் விட்டத்தையும் தொட்டியின் உயரத்தையும் பார்த்தால் எவ்வளவு எடை தலையில் இறங்கும் என்பது புரியும். 1 கன மீட்டர் தண்ணீர் ஒரு டன்.

மோட்டார் சைக்கிள் காட்சியும் இதே ரகம். ஓட்டுநர் வழியில் விழுந்துவிட, கைப்பிடிமேல் உட்கார்ந்திருக்கும் நாயகன் தெரியாமலேயே போய்க்கொண்டிருப்பான். அங்கே உட்கார்ந்தால் காலால் மிதிக்கும் பிரேக் எட்டாது. கீட்டன் பலமுறை கீழே விழுந்துதான் அதை எடுத்தார்.

யாழ்வாணி எழுதியது:
இவ்வளவு உழைத்தும் முதல் முன்னோட்டக் காட்சியில் சிரிப்பு குறைவாக இருந்ததாம். மக்கள் வாய்பிளந்து பார்த்தார்கள், சிரிக்கவில்லை. கீட்டன் திரும்பத் திரும்ப வெட்டிச் சுருக்கினார். தயாரிப்பாளர் ஜோசப் ஷெங்க் இன்னும் 1,000 அடி சேர்க்கச் சொன்னபோதும் மறுத்தார். அந்தப் பிடிவாதம் சரி என்பது என் கருத்து. பூல் மேசைக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். 13ஆம் எண் பந்தில் வெடிமருந்து. அதை மட்டும் தொடாமல் மற்ற எல்லாவற்றையும் குழியில் தள்ளுகிறான். ஒரு பந்து கூடுதலாக நீண்டிருந்தால் பயம் போய் வெறும் ஆட்டத் திறமையாகிவிடும். ஒன்று குறைந்திருந்தால் வில்லன்களின் பதற்றம் நமக்கு ஏறாது. எங்கே நிறுத்துவது என்று தெரிந்த படம்.

பிறகு அந்த வெடிப்பந்தே துரத்தி வரும் காரை நிறுத்தப் பயன்படுகிறது. காட்டிய பொருளை வீணாக்குவதில்லை.

நிலாமுற்றம் எழுதியது:
கடைசியாக இரண்டு கேள்விகள். நாங்கள் எடுக்கப்போவது நான்கு இடங்கள்: நூலக வாசல், கடற்கரைப் பாறை, பேருந்து நிலையம், வயல் வரப்பு. எதை முதலில் எடுக்கட்டும்? கீட்டன் படத்தின் சில துணுக்குகளை எங்கள் படத்துக்குள் காட்டலாமா?

தொகுப்பறை எழுதியது:
இரண்டாவதற்கு முதலில். அமெரிக்காவில் 1924இல் வெளியான படங்களின் காப்புரிமை 2020 ஜனவரி 1ஆம் தேதியோடு முடிந்தது. மூலப் படம் பொதுவுடைமை. ஆனால் குறுந்தகட்டில் இருக்கும் பின்னணி இசை புதிதாக எழுதியது, அதற்குத் தனி உரிமை உண்டு. இசையை நீக்கி, உங்கள் இசையைப் போடுங்கள். புதுப்பித்த பதிப்பை வெளியிட்ட நிறுவனத்தின் நிபந்தனையையும் படித்துவிடுங்கள்.

வரிசை: பாறையை முதலில் எடுங்கள். நூலக வாசலில் டிரைபாடை எங்கும் நகர்த்தலாம், ஆளைப் பலகைமேல் ஏற்றலாம். பாறையில் அந்தச் சுதந்திரம் கிடையாது. கேமரா நிற்கக்கூடிய இடம் ஒன்றோ இரண்டோதான், நீர்மட்டமும் மாறும். அங்கே கிடைக்கும் தூரம், லென்ஸ் உயரம், சாய்வு ஆகியவற்றை எழுதி, மற்ற மூன்று இடங்களையும் அதற்கேற்ப அமையுங்கள். வரப்பு குறுகல் என்பதால் அது இரண்டாவது. பேருந்து நிலையம் கடைசி.

சூரியன் எந்தப் பக்கம் என்பதைத் திசைகாட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். பாறையில் வெயில் நடிகரின் வலத்தோளில் விழுந்தால் எல்லா இடத்திலும் வலத்தோளிலேயே விழ வேண்டும். காலையில் எடுத்ததற்குப் பேருந்து நிலையத்தில் அந்தக் கோணம் கிடைக்காவிட்டால் கட்டடத்தின் முழு நிழலில் எடுங்கள். மாறிய நிழல் கண்ணில் படும், நிழலே இல்லாதது அவ்வளவாகப் படாது. ஷட்டர், வொயிட் பேலன்ஸ், லென்ஸின் ஃபோகல் நீளம் மூன்றையும் பூட்டிவிடுங்கள். ஜூம் லென்ஸ் என்றால் வளையத்தின்மேல் டேப் ஒட்டுங்கள். சட்டையை ஈரமாகாமல் வைக்க இரண்டாவது ஜோடி எடுத்துப் போங்கள், பாறையில் ஓர் அலை அடித்தாலே வரப்புக் காட்சிக்கு அந்தச் சட்டை ஆகாது.